ஹார்லம் லைப்ரரியில ஒரு மெழுகுவத்தி

அகஸ்டா பேக்கர் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். 1937ல நியூயார்க் ஹார்லம்ல 135வது தெரு லைப்ரரிக்கு குழந்தைங்க பிரிவு லைப்ரரியனா வர்றாங்க, அலமாரிய பாத்தா கறுப்பினப் புள்ளைங்க வர்ற புத்தகமே கம்மி, வந்தாலும் கேலிப் படமா தான் வரஞ்சிருக்கும். சுத்தி இருக்கறது பூரா கறுப்பினக் குடும்பங்க, அந்தப் புள்ளைங்க கையில இதயா குடுக்கறது? படிக்கும்போதே எனக்கு வயிறு எரிஞ்சுது. அவங்க சும்மா இருக்கல, நல்ல புத்தகமா ஒண்ணொண்ணா பொறுக்கி 1939ல தனி கலெக்‌ஷனே ஆரம்பிச்சாங்க, லிஸ்ட் போட்டாங்க, பதிப்பாளர்கள்ட்டயும் எழுத்தாளர்கள்ட்டயும் இந்த மாதிரி நல்ல புத்தகம் வேணும்னு விடாம கேட்டுட்டே இருந்தாங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது கதை நேரம் தான். மெழுகுவத்தி ஏத்தி வெச்சு கதை சொல்றது நியூயார்க் லைப்ரரியில பழைய வழக்கம், முடிஞ்சதும் புள்ளைங்க மனசுல ஒண்ண வேண்டிக்கிட்டு ஊதி அணைக்கணும்.

அந்த லைப்ரரிலேர்ந்து வளந்தது தான் இன்னைக்கு இருக்கற ஷோம்பர்க் சென்டர், கறுப்பின வரலாறு, பண்பாடு பத்தின ஆராய்ச்சி லைப்ரரி. அங்க சனிக்கிழமை 11லேர்ந்து 18 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு ஜூனியர் ஸ்காலர்ஸ்னு கறுப்பின வரலாறு சொல்லித் தர்ற ப்ரோக்ராம் நடத்திருக்காங்க. லாபி தரையில பெரிய வட்டக் கோலம் மாதிரி ஒரு டிசைன், அதுக்கு அடியில கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோட அஸ்தி இருக்கு.