யாத்திராகமத்துக்கு நிறம் தீட்டல்: கல்மழையில் மாட்டிக்கொண்டது

பைபிளின் யாத்திராகமத்தில், இஸ்ரவேலரை அடிமைத்தனத்திலிருந்து விட மறுக்கும் எகிப்து ராஜா பார்வோனின் இருதயம் கடினப்படும் வசனங்களுக்கு நிறம் பிரிக்கும் வேலை பத்தாம் அதிகாரத்தின் வாசலில் நின்றுவிட்டது. மூன்றே மூன்று வசனம், நகர மாட்டேன் என்கிறது.

முறை தெரிந்ததுதான். பார்வோன் தானே கடினப்படுத்தினால் சிவப்பு. கர்த்தர் கடினப்படுத்தினால் நீலம். யார் செய்தது என்று சொல்லாமல் கடினப்பட்டது என்று மட்டும் வந்தால் சாம்பல். 4:21, 7:3 இரண்டும் முன்னறிவிப்பு என்பதால் நீல அடிக்கோடு மட்டும். (எபிரேயப் பதிப்போடு ஒப்பிடுகிறவர்கள் எட்டாம் அதிகாரத்தில் உஷார்: நம்முடைய 8:15 அங்கே 8:11.)

எகிப்தின்மேல் கர்த்தர் அனுப்பிய பத்து வாதைகளில் முதல் ஐந்தும் சுகமாகப் போயின. தவளைக்கும் வண்டுக்கும் சிவப்பு, மற்றவை சாம்பல், நீலமே கிடையாது. யூத உரையாசிரியர் ராஷி 11ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துவிட்டார். ஆறாம் வாதையான கொப்புளத்தில், 9:12இல்தான் முதல் நீலம். முதல் பாதி பார்வோன், மறுபாதி கர்த்தர் என்று பிரசங்கத்தில் சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

கல்மழையில் அந்தக் கணக்கு உடைகிறது. 9:27இல் பாவம் செய்தேன் என்று பார்வோன் ஒத்துக்கொள்கிறான். மழை நின்றதும் 9:34இல் தானே இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். வசனமே அதைப் பாவம் என்கிறது. 9:35 சாம்பல். அடுத்த வசனம் 10:1இல், அவனையும் அவன் ஊழியக்காரரையும் கடினப்படுத்தியது நானே என்கிறார் கர்த்தர். ஒரே சம்பவத்துக்கு மூன்று நிறம்! சிவப்பின்மேல் நீலத்தைத் தேய்த்துப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம் வந்தது, அழித்துவிட்டேன். எழுதியவர் கலக்கவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் எதற்குக் கலக்க வேண்டும்?

அதைவிடத் தொல்லை அந்த ஊழியக்காரர்கள். 9:20இல் அவர்களில் சிலர் பயந்து ஆடுமாடுகளை உள்ளே ஓட்டிக்கொள்கிறார்கள். 10:1இல் அவர்கள் இருதயமும் கடினம். ஆனால் 10:7இல் அவர்களே, எகிப்து அழிந்துபோனது இன்னும் தெரியவில்லையா, இவர்களை விட்டுவிடும் என்று ராஜாவிடம் மன்றாடுகிறார்கள். அப்படியென்றால் அந்த நீலம் அவர்கள் வாயைக் கட்டவில்லை.

மனந்திரும்பும் வழியை அடைத்ததே தண்டனை என்கிறார் இடைக்கால யூதத் தத்துவஞானி மைமோனிடஸ். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் யூத உரையாசிரியர் ஸ்ஃபோர்னோ வேறு மாதிரி: வலி தாங்காமல் ஜனங்களை விடுவது மனந்திரும்புதல் ஆகாது, தாங்கும் தெம்பை மட்டுமே கர்த்தர் கொடுத்தார், முடிவு அவனுடையது. 10:7க்குப் பிறகு எனக்கு ஸ்ஃபோர்னோ பக்கம்தான் சாய்வு.

பொருள் விஷயம்: ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், பைபிள் தாளில் மறுபக்கம் இறங்கிவிடும். மெழுகு அதிகமான பென்சில்மேல் இன்னொரு நிறம் ஏறாது. எனக்கு நீலம்தான் சீக்கிரம் தீர்கிறது (10:20, 10:27, 11:10 என்று வரிசையாக வருகிறதே). கடைக்காரரோ தனிப் பென்சில் தர மாட்டாராம், முழுப் பெட்டியாக வாங்க வேண்டுமாம்.

அடுத்து 1 சாமுவேல் 23, கேகிலா என்ற ஊர். என்னைத் துரத்தும் சவுல் ராஜா இங்கே வருவானா, ஊரார் என்னைப் பிடித்துக்கொடுப்பார்களா என்று தாவீது கேட்கிறான். இரண்டுக்கும் ஆம் என்கிறார் கர்த்தர். தாவீது கிளம்பிவிடுகிறான், இரண்டுமே நடக்கவில்லை. கர்த்தர் சொல்லியும் நடக்காததற்குப் புள்ளிக்கோடு போடலாம் என்று யோசனை.

அதற்குமுன் யாத்திராகமம் 14ஆம் அதிகாரம் பாக்கி. 14:4 நீலம், 14:8 நீலம். நடுவில் 14:5இல் பார்வோனும் ஊழியக்காரரும் மனம் மாறுகிறார்கள். காரணம், வேலை செய்ய ஆள் போய்விட்டதாம். இப்போதைக்குச் சாம்பல்தான் போட்டிருக்கிறேன், லேசாக.