ஒரு முழ ஹோஸ்

கடலில் நின்றுபோன இன்ஜின் என் கடைக்கு வந்ததும் ஒழுங்காக ஓடும். இந்த வேலையில் எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயம் இதுதான். பாம்பனில் அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்னால் மாட்டும் இன்ஜின், பழுது பார்க்கிறேன், பதினெட்டு வருடமாக. படகில் இருந்து இன்ஜினை மட்டும் கழற்றி இரண்டு பேர் தூக்கிவருவார்கள். தண்ணீர் டிரம்மில் இறக்கி, கடையில் இருக்கும் பெட்ரோல் டேங்கையும் ஹோஸையும் மாட்டிக் கயிற்றை இழுப்பேன். நான் செய்துவந்த தப்பு இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அது எனக்கு உறைக்கத்தான் பல வருடம் ஆனது.

நண்டு வலைக்குப் போகும் அண்ணன் ஒருவர். பைபர் படகு, டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்று அளந்து கலப்பவர், கண்மதிப்பில் ஊற்றமாட்டார். "மெதுவாப் போனா ஒண்ணும் இல்ல தம்பி. முறுக்கிப் பிடிச்சா ஏழெட்டு நிமிஷத்துல இழுத்துக்கிட்டு நின்னுருது. செத்த நேரம் விட்டா திரும்ப ஓடுது" என்றார்.

கார்புரேட்டரைக் கழற்றினேன். கழற்ற வேண்டும் என்று கை அரிக்கும் வயது. மெயின் ஜெட்டில் காற்றடித்து, மிதவையும் ஊசி வால்வும் பார்த்து மாட்டினேன். டிரம்மில் கடிகாரம் மாதிரி ஓடியது. மூன்றாம் நாள் திரும்ப வந்தார். பெட்ரோல் பம்பைப் பிரித்து டயாப்ரம் புதிதாகப் போட்டேன். அதற்கும் கேட்கவில்லை. சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறதே, பிளக்குக்குப் பொறி தரும் காயில்தான் போயிருக்கும் என்று அடுத்த தடவை காயிலையும் மாற்றவைத்தேன். மூன்று தடவையும் காசு வாங்கினேன். மூன்று தடவை கடலுக்குப் போன பாடு போச்சு அவருக்கு.

நான்காம் தடவை அவர் இன்ஜினைக் கழற்றவில்லை. "நீ ஏறு, வா" என்றார்.

மாசி மாதம். வாடை ஓய்ந்து தென்கடல் குளம் போலக் கிடந்தது. குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுப் பக்கம் விட்டோம். முழு வேகம் வைத்துச் சொல்லிவைத்தாற்போல எட்டாவது நிமிடம் சத்தம் இறங்கியது, இருமியது, நின்றது. நீவாடு, கடல் நீரோட்டம், படகை மெல்லத் திருப்பியது. நான் பழக்கத்தில் பிளக் ஸ்பேனரை எடுத்தேன். அப்போதுதான் காலடியில் கிடந்த ஹோஸைப் பார்த்தேன். நடுவில் இருக்கும், பெட்ரோலைக் கையால் அமுக்கி ஏற்றுகிற ரப்பர் பல்ப் சப்பிப்போன மாம்பழம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் மெதுவாக உப்பி எழுந்தது. அவர் சொன்ன 'செத்த நேரம்' இதுதான். ஆறியது இன்ஜின் இல்லை, நிறைந்தது பல்ப்.

பல்ப் ஒட்டிப்போனால் அடைப்பு அதற்கும் டேங்குக்கும் இடையில்தான். இன்ஜின் உறிஞ்சுகிறது, பின்னால் இருந்து பெட்ரோல் வரவில்லை. அமுக்க அமுக்கக் கெட்டிப்படாமல் தொளதொளவென்று இருந்தால் அது வேறு கதை. எங்கேயோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் இணைப்பில் இருக்கும் ஓ-ரிங். ஓடும்போது பல்பை அமுக்கிக்கொண்டே இருந்தால் மட்டும் இன்ஜின் தாக்குப்பிடிக்கிறது என்றால் பம்பைச் சந்தேகப்படலாம். இவ்வளவும் எனக்குத் தெரியும். அவருடைய பல்ப் என் கைக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். என் கடை ஹோஸ் நல்ல ஹோஸ்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியில் இருக்கும் காற்றுத் திருகை, அலை தெறித்துத் தண்ணீர் போகக்கூடாது என்று சிறுபையன்கள் இறுக்கி வைத்துவிடுவார்கள். அப்படியிருந்தால் டேங்குக்குள் காற்று போகாமல் பெட்ரோல் வராது, திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை இழுக்கும். சத்தமே இல்லை. உறிஞ்சுகுழாயை உருவிப் பார்த்தேன், சல்லடை சுத்தம். மிச்சம் இருந்தது டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு முழ ஹோஸ். வெளியே வெடிப்பு இல்லை, பளபளவென்று இருந்தது. வலை அறுக்கும் கத்தியை வாங்கி நீளவாக்கில் கீறினேன். உள்தோல் உரிந்து நாக்கு மாதிரித் தொங்கியது. மெதுவாக ஓட்டினால் பெட்ரோல் அதை ஒதுக்கிவிட்டுப் போகும். வேகமாக உறிஞ்சினால் நாக்கு வாயை அடைத்துக்கொள்ளும். டிரம்மில் என் ஹோஸைக் கழற்றிவிட்டு அவருடையதை மாட்டியிருந்தால்கூடக் கண்டுபிடித்திருப்பேனா தெரியாது. டிரம்மில் அந்த வேகம் வைக்க முடியாதே.

அந்தத் துண்டை வெட்டி எறிந்து மிச்சத்தை இழுத்துக் கட்டினோம். கரை வரை முழு வேகத்தில் வந்தது.

அது என்ன ஹோஸ் என்று கேட்டேன். கடல் இன்ஜினுக்கு உரியது இல்லை, பைக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அதைத் தாங்காத ரப்பர் உப்பும், உரியும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், கேனில் மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வாங்கிய பெட்ரோலைச் சீக்கிரம் ஓட்டித் தீர்த்துவிடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்கு வேறு தொல்லை. நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட்டாமல் விட்டால், மறுநாள் விடியக்காலையில் கயிறு இழுத்தே தோள்பட்டை போய்விடும்.

காயில் காசைத் திருப்பிக் கொடுத்தேன். "பழைய காயிலத் தா, அது போதும்" என்று அதை மட்டும் வாங்கிப்போனார். அது இன்னும் அவர் படகில் உபரியாகக் கிடக்கிறது, நல்ல காயில்.

இப்போது யார் வந்தாலும் டேங்கும் ஹோஸும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறேன். "ஆட்டுக்கு வைத்தியம் பாக்கப் பட்டியையும் தூக்கிட்டு வரணுமா?" என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவருகிறார்கள்.