ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து சிஐஓ நாற்காலி வரை

பல்கலைக்கழக ஐடி தலைவர்களில் பலர் ஹெல்ப் டெஸ்க்கிலோ சர்வர் அறையிலோ தொடங்கியவர்கள். அப்புறம் சிஸ்டம் அட்மின், குழுத் தலைவர், துணை இயக்குநர், இயக்குநர், கடைசியில் சிஐஓ என்ற தலைமைத் தகவல் அதிகாரி. முதல் இரண்டு படிகளைக் கைத்திறமையே ஏற்றிவிடும். குழுத் தலைவர் ஆனபிறகுதான் பலர் தேங்கிவிடுகிறார்கள். கோளாறைச் சரிசெய்யத் தெரியும். அடுத்த துறையைச் சம்மதிக்க வைக்கத் தெரியாது.

ஒரு பெரிய வகுப்பு அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மணி வகுப்பில் வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது. 11 மணி வகுப்பில் சிக்னல் முழுசாகக் காட்டியும் பலருக்கு இணைப்பு கிடைப்பதில்லை. உடனே வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயிண்ட் இன்னும் இரண்டு மாட்டச் சொல்வார்கள். வீண் செலவு. தீர்ந்துபோனது ஐபி முகவரி, அதாவது ஒவ்வொரு கருவியும் வலையமைப்பில் சேரத் தேவையான எண். /24 என்ற அளவுள்ள சப்நெட்டில் (வலையமைப்பின் ஒரு பகுதியில்), வெளியே போகும் வாசலான கேட்வே போக மிஞ்சுவது 253 முகவரிதான். முதல் வகுப்பின் 100 பேர், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்று 200-ஐ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முகவரியைத் தானாக வழங்கும் டிஎச்சிபி அமைப்பில் லீஸ், அதாவது முகவரியை வைத்திருக்கும் காலம், 8 நாள் என்றே விடப்பட்டிருந்தால் (விண்டோஸ் சர்வரில் தானாக அமைவது அதுதான்) அவை அன்றைக்குத் திரும்பி வராது. லீஸை 1 மணி நேரமாகக் குறைத்து, சப்நெட்டை /22 என்று பெரிதாக்கினால் 1,000-க்கு மேல் முகவரி கிடைக்கும்.

நல்ல அட்மின் இதை அரை மணியில் முடித்துவிடுவார். அடுத்த பருவத்தில் எந்த அரங்கில் எத்தனை பேர் என்ற பட்டியல், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஐடிக்கு வர ஏற்பாடு செய்பவர்தான் இயக்குநராகத் தகுந்தவர். அதற்குக் கட்டளை எதுவும் உதவாது. நாலு கூட்டம் போட்டுப் பேசியாக வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினி நிர்வாகி ஐரா ஃபுக்ஸின் பணிவாழ்க்கையிலும் இதைப் பார்க்கலாம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1981-இல் யேல் பல்கலைக்கழகத்தின் கிரேடன் ஃப்ரீமனோடு சேர்ந்து, பல்கலைக்கழகங்களின் கணினிகளை இணைக்கும் பிட்நெட் வலையமைப்பைத் தொடங்கினார். குத்தகைத் தொலைபேசி இணைப்பு, ஐபிஎம் மென்பொருள்: அன்றைக்கே புதுசில்லை. அது பரவியது ஒப்பந்தத்தால். சேரும் பல்கலைக்கழகம் பக்கத்துப் பல்கலைக்கழகம் வரைக்குமான இணைப்புக்குத் தானே பணம் கட்ட வேண்டும். அடுத்து வருபவரைத் தன் வழியாக இணைய விட வேண்டும். ஃபுக்ஸ் 1985-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறைத் துணைத் தலைவரானார்.

பராமரிப்பு நேரமும் இதே கதைதான். சேர்க்கை, பாடப் பதிவு, தேர்வு, முடிவு வெளியீடு ஆகிய நாள்களில் எந்த மாற்றமும் கூடாது. மிச்சமிருக்கும் இரவுகளில் 12 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடிக்க வேண்டிய வேலை என்றால், பழைய நிலைக்குத் திரும்ப 90 நிமிடம் ஆகுமானால், தொடர்வதா திரும்புவதா என்று 2.30-க்கே முடிவெடுத்தாக வேண்டும். “இன்னும் பத்து நிமிஷம் சார், முடிஞ்சிடும்” என்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

பணம்தான் கடைசிச் சோதனை. ஒருமுறை மானியத்தில் 700 நெட்வொர்க் ஸ்விட்ச் (கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) வாங்குவது எளிது. ஆயுள் 7 ஆண்டு என்று வைத்தால், ஆண்டுக்கு 100 மாற்றும் செலவு வழக்கமான பட்ஜெட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எல்லாம் ஒரே ஆண்டில் கிழடாகும், அப்போது நிதி அதிகாரியும் மாறியிருப்பார்.