அணைஞ்சிருச்சுன்னு நெனச்ச சாம்பல்

ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டோட போச்சு, அந்த மட்டுக்கும் தப்பிச்சேன். முந்தின நாள் சாயங்காலம் எரிச்ச விறகோட சாம்பல மறுநாள் மதியம் அள்ளப் போனேன், மேலாப்ல கை வச்சு பாத்தா சில்லுன்னு இருந்துச்சு, சரின்னு பக்கெட்ல போட்டு பின்கதவு ஓரமா வச்சுட்டு வேற வேலையப் பாக்கப் போயிட்டேன். ஒரு மணி நேரம் இருக்கும், ஏதோ பொசுங்குற நாத்தம், ஓடி வந்து பாத்தா பக்கெட்டோட அடி உருகி ஓட்டையாகி, அதுக்குள்ள நெல்லிக்காய் சைஸ்ல ரெண்டு கங்கு செவசெவன்னு கெடக்கு. நீறு பூத்த நெருப்புன்னு எத்தன தடவ பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன், அன்னிக்குதான் நேர்ல பாத்தேன். கதவு மரக்கதவு வேற.

சாம்பல் ஒரு போர்வை மாதிரி. உள்ள இருக்குற சூட்டையும் வெளிய விடாது, காத்தையும் சும்மா துளித்துளியாதான் உள்ள விடும், அதனால கங்கு சாகாம நாள் கணக்குல கெடக்கும். நாம அள்ளிக் கொட்டும்போதுதான் அதுக்கு காத்து கெடைக்குது. இப்பல்லாம் மூடி போட்ட இரும்பு பக்கெட்லதான் அள்ளுறேன், வீட்ட விட்டு தள்ளி வெறுந்தரையில வச்சு, தண்ணி ஊத்தி கிளறி, அதுக்கப்புறமும் நாலஞ்சு நாள் தொடுறதில்ல. அட்டைப்பெட்டி, பேப்பர் பை, குப்பைத்தொட்டி எதுலயும் போடாதீங்க.

இதுக்கப்புறம்தான் விறகு விஷயத்துல நான் வேற என்னென்ன தப்பு பண்றேன்னு பாக்க ஆரம்பிச்சேன். நெறைய இருந்துச்சு.

மொத தப்பு ஈர விறகு. அப்ப வெட்டுன பச்சை மரத்துல எடையில பாதி வரைக்கும் தண்ணியா இருக்கலாம், அதாவது 10 கிலோ விறகு தூக்கிட்டு வந்தா அதுல 5 கிலோ தண்ணிய சுமந்துட்டு வர்றோம். தீயோட சூடெல்லாம் அந்த தண்ணிய ஆவியாக்கவே செலவாகிடுது, மரம் சரியா எரியாம புகையாப் போகுது. பச்சை விறக அடுப்புல வச்சா அதோட முனைய உத்துப் பாருங்க, உஸ்ஸ்னு சத்தத்தோட நுரை தள்ளும், அது அந்த தண்ணிதான். 20 சதவீதத்துக்கு கீழ ஈரம் எறங்கினாதான் எரிக்க லாயக்கு. அதுக்கு மரத்தப் பொறுத்து ஆறு மாசமும் ஆகும், ரெண்டு வருஷமும் ஆகும், முழுக்கட்டையா போட்டு வச்சா இன்னும் லேட்டாகும், பொளந்து, தரையில படாம, மேல மட்டும் மூடி பக்கவாட்டுல காத்து போற மாதிரி அடுக்கணும். நான் சுத்தியும் தார்பாய் போட்டு மூடி வச்சிருந்தேன், நல்ல பிள்ளையா! உள்ள பூசணம் பூத்துருச்சு.

காஞ்ச விறகு கையில லேசா இருக்கும், முனையில வெடிப்பு விட்டிருக்கும், ரெண்டு கட்டைய தட்டுனா டங்குன்னு கேக்கும், ஈரக் கட்டை தொப்புனு கேக்கும். ஈரம் பாக்குற மீட்டரும் வருது, ரெண்டு ஊசி இருக்கும், அத வெளிப்பக்கம் குத்திப் பாத்து ஏமாறாதீங்க, கட்டைய பொளந்து புதுசா தெரியுற உள்பக்கத்துல குத்தணும்.

புகை கண்ண கரிக்கிறதோட விட்டுடறதில்ல. புகைபோக்கி இருந்தா உள்சுவர்ல குளிர்ந்து தார் மாதிரி படியும், அந்த படிவே ஒரு நாள் தீப்பிடிக்கும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் சுத்தம் பண்ணணும். புகைபோக்கியே இல்லன்னா எல்லாம் நம்ம நெஞ்சுக்குள்ளதான் போகுது. விறகு, கரி, மண்ணெண்ணெய் மாதிரி எரிச்சு வீட்டுக்குள்ள வர்ற புகையால 2020ல மட்டும் 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது.

ஆனா நான் ரொம்ப பயப்படுறது புகையே இல்லாத நேரத்துக்குதான். தீ அடங்கி கங்கு மட்டும் அழகா ஜொலிக்குதே, அப்ப கார்பன் மோனாக்சைடு வந்துட்டே இருக்கும், நிறமும் கெடையாது மணமும் கெடையாது, ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய எடத்துல அத விட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். குளிருதுன்னு கங்குச் சட்டிய ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திட்டு படுக்குறது தற்கொலைக்கு சமம். வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்னா உடனே எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க, ஆஸ்பத்திரிக்கு போங்க. அந்த வாயுவுக்குன்னே அலாரம் இருக்கு, வாங்கி மாட்டிட்டேன்.

பெயின்ட் அடிச்ச பலகை, பிளைவுட், பழைய கம்பம் இதெல்லாம் ஓசியில கெடைக்குதேன்னு எரிக்காதீங்க, கரையான் அரிக்காம இருக்க மருந்தேத்துன சில மரத்துல ஆர்சனிக்கே இருக்கும், எரிச்சாலும் சாம்பல்ல தங்கும். தீ மந்தமா இருக்குன்னு மண்ணெண்ணெய் ஊத்துற பழக்கத்தப் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்ல, சூடான கங்கு மேல ஊத்துனா அது ஆவியாகி குப்புனு மூஞ்சிக்கே வரும், அவ்வளவுதான். சுள்ளியும் பொறுமையும் போதும்.

நேத்து அடுக்குலருந்து ஒரு கட்டைய உருவி பொளந்து குத்திப் பாத்தேன். 26 காட்டுது. திரும்ப அடுக்குலயே வச்சுட்டேன்.