பிரதி கையைவிட்டுப் போன பிறகு

நாவல் எழுதுவதைப் பற்றிப் பேச ஆளிருக்கிறது. அது அச்சாகி வருவதைப் பற்றிப் பேசவும் ஆளிருக்கிறது. எழுதி முடித்து நாலு பேரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, அவர்கள் வாய் திறக்கும்வரை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள் போல. என் அனுபவத்தில் ஒரு நாவல் உருப்படுவதும் கெடுவதும் பாதிக்கு மேல் அந்த நாட்களில்தான்.

நான் கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் லேப் வேலை பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் இறங்கத் தொடங்கிவிட்டால் லாரிகள் ரோடுவரை வரிசை கட்டும். பழத்தை வெட்டி இனிப்புக்கு பிரிக்ஸ் என்கிற அளவைப் பார்ப்பது, கூழின் புளிப்பைப் பார்ப்பது, ஷிப்ட் முடிவில் ரெஜிஸ்டர் எழுதுவது என்று ஓடும். சீசன் முடிந்ததும் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். எங்களுக்கு ஸ்டாக்கும் சாம்பிளும்தான் மிச்சம். அந்த மாதங்களில்தான் எழுதுகிறேன். அதனால் என் பிரதி ஏறக்குறைய அடுத்த சீசன் வாசலில் வந்து முடிகிறது. திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனால் பிரதியை அனுப்பிவிட்டு நகம் கடித்துக்கொண்டு உட்கார நேரமில்லாத வேலை கிடைப்பது ஒரு கொடுப்பினைதான்.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. டின்னில் அடைத்து மூடிய கூழை உடனே விற்பனைக்கு விடமாட்டோம். ஒவ்வொரு பேட்ச்சிலும் சில டின்களை எடுத்து 37 டிகிரி செல்சியஸில் இன்குபேட்டரில் வைப்போம். உணவுப் பாதுகாப்பு விதியே 10 நாள் என்கிறது. உள்ளே கிருமி ஏதாவது பிழைத்திருந்தால் வாயு கிளம்பி டின் உப்பிக் காட்டிக்கொடுக்கும். அந்தப் பத்து நாளில் டின்னைப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், திறக்கக் கூடாது. பாதியில் திறந்துவிட்டால் அப்புறம் அந்த டின்னைக் கொண்டு பேட்ச்சைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

படிக்கக் கொடுத்த பிரதிக்கும் இதே கணக்குதான். தர்மபுரியில் எழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார், நல்ல கை. ஆனால் அவர் பிரதியைப் படிக்க ஒத்துக்கொண்டால் நம் பாடு திண்டாட்டம். நாம் ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கும்போது வாட்ஸ்ஆப்பில் இன்னொரு ஃபைல் வரும். “சார், பழசை விட்டுடுங்க, இதுதான் லேட்டஸ்ட்.” முதலிலிருந்து தொடங்கினால் மறுபடி ஒன்று வரும். மூன்றாம் அத்தியாயம் இழுக்கிறது என்று சொன்னால், “அதை அப்பவே மாத்திட்டேனே” என்பார். நாம் படித்த நாவல் இப்போது உலகத்தில் இல்லை. மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று அவருக்கும் தெரியாது, ஏனென்றால் மாற்றியதை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. கருத்து வந்து சேரும்வரை ஃபைலைத் தொடாமல் இருப்பதைப் பொறுமை என்று சொல்லி உயர்த்த வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே பிரதியைப் பற்றிப் பேசினால்தான் அவர்கள் பேச்சை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க முடியும். காரணம் அவ்வளவுதான்.

யோசனைகள் வரத்தான் செய்யும். நைட் ஷிப்டில் நின்றுகொண்டிருக்கும்போது, அந்த அத்தைக்குப் பேரே வைக்கவில்லையே என்று தோன்றும். அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பிறகு புரட்டினால், பாதி யோசனை தூக்கமில்லாததால் வந்தது என்று தெரியும்.

சும்மா இருக்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரொலப் அஞ்சல் துறை ஊழியர். 1858இல் அஞ்சல் ஒப்பந்த வேலையாக எகிப்துக்குப் போனவர், அங்கே ஒரு நாவலை முடித்து மறுநாளே அடுத்ததைத் தொடங்கிவிட்டார். அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் குறைந்தது ஆறு வாரம் பிரதியை உள்ளே வைத்துப் பூட்டு என்கிறார், இடையில் வேறு ஏதாவது எழுதச் சொல்கிறார். உடனே அடுத்த நாவல் என்பது எனக்கு ஒத்துவரவில்லை. புது ஆட்களும் பழைய ஆட்களின் குரலிலேயே பேசுகிறார்கள். எழுத்தே வேண்டாம் என்று கொஞ்ச நாள் இருந்துவிடுவது எனக்குச் சரியாக இருக்கிறது.

வார லீவு கிடைத்தால் தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போவேன். அங்கே இருக்கும் நடுகற்களைப் பார்க்க வேண்டும். இந்த ராஜாவின் இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரில் மாடு பிடித்துப் போனார்கள், இன்னான் தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான். சில வரிகள், முடிந்தது. மேலே வில்லோ வாளோ ஏந்திய ஓர் ஆள். சிலவற்றில் எழுத்து தேய்ந்து பேரே போய்விட்டது. முந்நூறு பக்கம் எழுதி, இன்னும் இருபது பக்கம் சேர்க்கலாமா என்று நினைக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல வைத்தியம் தெரியவில்லை. ஒருவன் செத்ததற்கு எத்தனை வரி போதும் என்று அங்கே தெரிகிறது. நாவலுக்கு அது அப்படியே பொருந்தாது என்பது வேறு விஷயம்.

கை பரபரத்தால் காகித வேலை இருக்கிறது. சொந்தமாக வெளியிடுகிறவர்கள் புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் தாங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. காப்பிரைட் எழுதிய உடனே நம்முடையதுதான். பதிவு வேண்டும் என்றால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பொறுத்துத்தான் பரிசீலிப்பார்கள். அங்கேயும் காத்திருப்புதான். வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகளில் போட்டு ஒற்றும் எழுத்துப்பிழையும் பார்ப்பதை மட்டும் பிரதியை வெளியே கொடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர் கதையை விட்டுவிட்டு ‘ப்’பையும் ‘த்’தையும் சுழித்துக்கொண்டிருப்பார். நம் தமிழாசிரியர்களுக்கு அது பழகிய கை.

யாரிடம் கொடுப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எழுதுகிறவர்களிடம் மட்டும் கொடுத்தால் அவர்கள் எழுதியிருக்கக்கூடிய நாவலைத்தான் சொல்வார்கள். இந்த முறை என் கதை மாந்தோப்புக் குத்தகைக் குடும்பத்தைப் பற்றியது. அதனால் காவேரிப்பட்டணம் பக்கம் பல காலம் தோப்புக் குத்தகை எடுத்து ஓய்ந்த ஒரு பெரியவர், வேப்பனப்பள்ளியிலிருந்து வேலைக்கு வரும், வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் இளம்பெண், பிறகு ஒரு தமிழாசிரியர். அந்தப் பெண்ணிடம் கொடுத்ததற்குக் காரணம், கதையில் பாதிப் பேர் அவள் ஊர்க்காரர்கள் மாதிரி தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிறார்கள். கொடுக்கும்போது எதுவும் கேட்பதில்லை. “இதைக் கவனிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டால் அதைத்தான் பார்ப்பார்கள். படித்து முடித்த பிறகு, எங்கே புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், எந்த ஆளை மறந்தே போனீர்கள் என்று கேட்கலாம். “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு சார்” என்பார்கள், நம் ஊரில் வேறு பதிலே கிடையாது. அவர்கள் பேசாமல் விட்டது எது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கம்பரின் காவியத்தைத் திருவரங்கத்தில் ஏற்பதற்கு முன், தில்லை தீட்சிதர்கள் ஒப்புதலை வாங்கி வா என்று அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு. மூவாயிரம் பேரும் ஒன்றாகக் கூடினால்தான் ஒப்புதல் என்றார்களாம். கூடுவார்களா? நடந்ததோ இல்லையோ, காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. நமக்கு மூன்று பேர், அதுவும் வேர்ட் ஃபைலில். அதற்கே இரண்டு நீல டிக் விழுந்து பதிலில்லை என்றால் மனசு என்னென்னவோ கற்பனை செய்கிறது.

பதிப்பகம் மௌனமாக இருந்தால் அது வேறு. தமிழ்ப் பதிப்புலகத்தின் காலண்டர் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றி ஓடுகிறது. 1977 முதல் நடக்கிறது, பொங்கலையொட்டி வரும். பிரதி படிப்பது, பில் போடுவது, பிரஸ்ஸுக்கு ஓடுவது எல்லாம் பல இடங்களில் ஒரே ஆள். டிசம்பரில் அவரிடம் போய் “படிச்சீங்களா?” என்று கேட்பது, ஜூனில் எங்கள் ஃபேக்டரிக்கு வந்து “சும்மா பேசலாம்னு வந்தேன்” என்பது போலத்தான். நான் ஆடி, ஆவணியில் அனுப்புகிறேன். அவர் மௌனத்துக்கு நான் அர்த்தம் கண்டுபிடிப்பதில்லை.

இந்த முறை முதலில் பேசியவர் குத்தகைப் பெரியவர். போன வாரம் போன் செய்தார்.

“தம்பி, அந்தத் தோப்பைப் பூவுல பிடிக்கிறான் பாரு, பணத்தை மொத்தமாக் குடுத்துட்டானே. எவன்பா குடுப்பான்? பாதியக் குடுத்துட்டு, மீதிய காய் இறங்குறப்பதான் குடுப்பான். அதுக்குள்ள ஆலங்கட்டி மழை வந்தா?”

அதிலிருந்து ஒரு வருடத்து ஆலங்கட்டி மழைக்குப் போனார், அங்கிருந்து மண்டிக் கமிஷனுக்கு, அங்கிருந்து தன் தம்பியோடு போட்ட சண்டைக்கு. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நடுவில் மூச்சு வாங்கியபோது கேட்டேன்.

“ஐயா, மாணிக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?”

“எந்த மாணிக்கம்?”

மாணிக்கம்தான் கதாநாயகன். நோட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை, இப்போது அவளுக்கும் நைட் ஷிப்ட். தமிழாசிரியர் துணைத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போயிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் மாணிக்கம் நினைவிருக்கிறானா என்று கேட்டுவிட்டு ஃபைலைத் திறக்கலாம் என்றிருக்கிறேன்.