எல்லை தாண்டிக் கூலிக்கணக்குப் பார்த்த பெண்கள்

வீட்டிலிருந்தபடியே துண்டுக் கூலிக்கு வேலை செய்யும் பெண்களைச் சங்கமாகத் திரட்டுவதுதான் என் பணி. திருப்பூரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பனியன்களுக்குப் பிசிறு வெட்டுபவர்கள், தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றுபவர்கள் என இரு தரப்பாரோடும் வேலை பார்த்திருக்கிறேன். இவர்களுடைய சிக்கல்களை ஊர் அளவில், மிஞ்சிப்போனால் மாநில அளவில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்த பிறகு, அது போதாது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

திருப்பூரில் கூலியை உயர்த்திக் கேட்கும் பெண்ணுக்கு ஏஜென்ட் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கட்டலைன்னா வெச்சிருங்கக்கா, பங்களாதேஷ்ல இதவிடக் கம்மிக்கு முடிச்சுக் குடுக்கறாங்க." இது உண்மையா என்று சரிபார்க்க அந்தப் பெண்ணுக்கு வழியே கிடையாது. தான் பிசிறு வெட்டும் சட்டை எந்த நாட்டுக் கடைக்குப் போகிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. மூட்டையை இறக்குபவரும் ஏற்றுபவரும் மட்டுமே அவர் அறிந்த முதலாளிகள். காட்மாண்டில் நடந்த ஒரு பட்டறையில், டாக்காவின் புறநகரிலிருந்து வந்திருந்த ஒருவர், தன் ஊர் ஏஜென்ட் இந்தியாவைக் காட்டி இதே மிரட்டலை விடுவதாகச் சொன்னார். அன்று பிற்பகல் நிகழ்ச்சி நிரலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கினார்கள்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படிகள் முடியும், அதற்கு என்ன கூலி என்பதில் ஆரம்பித்து, கத்தரி சாணை பிடிக்கும் செலவு, மின்கட்டணம், மூட்டை எடுக்கப் போகும் ஆட்டோ வாடகை, 'டேமேஜ்' என்று கழித்துவிடும் உருப்படிகள் என ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். பள்ளி விட்டு வந்த மகள் உட்கார்ந்து வெட்டிக்கொடுத்த நேரத்தையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் நெடுநேரம் விவாதம் நடந்தது. சேர்த்தே ஆக வேண்டும் என்று டாக்காப் பெண் வற்புறுத்தினார். வங்கதேச நாணயமான டாக்காவையும் ரூபாயையும் நேராக ஒப்பிடுவதில் பயனில்லை என்பதால், அவரவர் நாட்டின் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் அதற்கு வெகுவாகக் கீழேயே இருந்தது. ஒருவரைக் காட்டி மற்றவரைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது, எந்த நிபுணரும் விளக்காமலேயே, அந்த அறையில் இருந்த அனைவருக்கும் புரிந்துவிட்டது. ஊர் திரும்பியதும் திருப்பூர்ப் பெண்கள் ஏஜென்டிடம் வைத்த கோரிக்கை சிறியது; கழித்துவிடும் உருப்படியைக் கண்ணில் காட்டிவிட்டுக் கழிக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆனால் அதைக் கேட்டபோது அவர்கள் குரலில் பழைய தயக்கம் இல்லை.

இந்த ஒத்துழைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. இலா பட் 1972-இல் அகமதாபாதில் 'சேவா' சங்கத்தைத் தொடங்கியபோது, முதலாளி என்று ஒருவரைச் சுட்ட முடியாத பெண்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று பதிவு அதிகாரிகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு உலக அளவில் கிடைத்த பதில்தான், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றிய, வீட்டுவழி வேலைக்கான 177-ஆம் உடன்படிக்கை. 2000 அக்டோபரில் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் அரசுப் பிரதிநிதிகளும் சங்கங்களும் கூடிக் காட்மாண்டு பிரகடனத்தை வெளியிட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 'ஹோம்நெட் தெற்காசியா' என்ற கூட்டமைப்பு உருவானது. ஆயினும் 177-ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. பிரகடனங்களைக் கொண்டு அரசை அசைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்குக் குறைவு. ஒரு நாட்டுச் சட்டத்தை மற்ற நாட்டுப் பெண்கள் வரிவரியாகப் படித்து, அதே சட்டம் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கும்போது அதற்கு வலு கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணம் 2018-இல் வீட்டுவழித் தொழிலாளருக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அத்தகைய முதல் சட்டம் அதுவே. அங்குள்ள பெண் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்றது. அந்த மாகாணத்தின் ஹைதராபாத் நகரில் கண்ணாடி வளையல் வேலை செய்யும் ஒருவரும், எங்கள் பீடிப் பெண் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. அவர் வளையலின் இரு முனைகளையும் சிறு தீநாக்கில் காட்டி ஒட்டவைப்பவர். விரல் நுனிகள் கருகித் தடித்திருந்தன. கைரேகை பதியாததால் அடையாள அட்டை வேலைகளுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்று அவர் சொன்னதும், இவர் தன் விரல்களை நீட்டிக் காட்டினார். இலையை மடித்து மடித்துத் தேய்ந்துபோன விரல்கள். ரேஷன் கடைக் கருவி அவற்றையும் ஏற்பதில்லை.

எங்கள் தரப்பில் சொல்வதற்கும் ஒரு பாடம் இருந்தது. 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றிருந்தது. இருந்தும், வேலைக் கணக்கைப் பதியும் பாஸ் புத்தகம் ஒருவர் பெயரில் இருக்க, அந்தப் பெயரில் மூன்று பேர் சுற்றிக்கொடுக்கும் வழக்கம் வளர்ந்து, வருங்கால வைப்பு நிதி பலருக்கு எட்டாமலே போனது. சட்டம் வந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், யார் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது என்பதைச் சங்கமே கண்காணியுங்கள் என்று எங்கள் பெண் சொன்னதை, சிந்து மாகாணத்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

கூலியைவிடக் கடினமான பேச்சு ஒன்று உண்டு. மூட்டையோடு வீட்டு வாசலுக்கு வரும் ஆண் காட்டும் அத்துமீறலை எந்தப் பெண்ணும் தன் தெருவில் வைத்துப் பேசுவதில்லை. பேசினால் வேலையும் போகும், வீட்டில் சந்தேகமும் வரும். தன் ஊரார் யாரும் இல்லாத வெளிநாட்டு அறையில் அதைச் சொல்லத் துணிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வேலையில் நடக்கும் வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை, வேலை நடக்கும் தனியிடத்தையும் பணியிடமாகவே கருதுகிறது என்று அங்கே எடுத்துச் சொன்னபோது, தங்கள் வீட்டு வாசலுக்கும் நியாயம் கேட்கலாம் என்பது அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இந்த உறவில் குறைகளும் உள்ளன. எண்ணிக்கையாலும் ஆங்கிலத்தாலும் இந்தியர்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. நேபாளப் பெண்கள் பேசத் தொடங்குவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. வேலை செய்யும் பெண்களைவிட எங்களைப் போன்ற ஊழியர்களே அதிகம் பயணம் செய்கிறோம் என்பது எனக்கு உறுத்தலான உண்மை. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவே இல்லை. விசா கிடைக்காத காலங்களில் பாகிஸ்தான் தோழியர் கணினித் திரையில் மட்டுமே வருகிறார்கள். அரசுகள் பேசாமலிருக்கும்போதும் இந்தப் பெண்கள் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன்.

2019-இல் உலகில் சுமார் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்ததாகவும், அவர்களில் 56 விழுக்காட்டினர் பெண்கள் என்றும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021 அறிக்கை கூறுகிறது. எங்கள் தெருக்களிலோ, கணக்கெடுப்பவர் கேட்கும்போது, பத்து மணி நேரம் முறத்தைவிட்டு எழாத பெண்ணைப் பற்றி அவருடைய கணவர் "வீட்டுலதான் இருக்கா" என்று பதில் சொல்லிவிடுகிறார். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்பாக, அந்தக் கேள்விக்குப் பெண்ணே வாசலுக்கு வந்து பதில் சொல்ல வேண்டும் என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். என்ன வேலை, யாருக்காக, எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டியதை ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறோம். தங்கள் நாட்டில் பயன்படுத்துவதற்காக அதன் படியைக் கேட்டிருக்கும் டாக்காத் தோழியர்க்கு, மகளின் உழைப்பு நேரத்தை எழுதும் வரியையும் சேர்த்து அனுப்பவிருக்கிறோம்.