செய்முறைத் தேர்வில் நான் தட்டிய 5: மின்னஞ்சல் சாவிகளில் நம்பிக்கையும் ரத்தும்

முதுகலைக் கணினி அறிவியலில் தகவல் பாதுகாப்புச் செய்முறைத் தேர்வின்போது, சக மாணவர் ஒருவரின் பொதுச் சாவியை (தமக்கு வரும் செய்திகளைப் பூட்டுவதற்காக அவர் எல்லோருக்கும் தரும் சாவி) ஜிபிஜி என்ற மறைகுறியாக்க மென்பொருளில் ஏற்றி, அவருக்கு மறைகுறியாக்கிய மின்னஞ்சல் அனுப்பும்படி எனக்கு வினா வந்தது. பெயரில் உள்ளவருக்குத்தான் இந்தச் சாவி உரியது என்பதற்கு உறுதியில்லை என்று திரையில் எச்சரிக்கை தோன்றியது. முன்பு எங்கோ படித்த நினைவில், சாவியைத் திருத்தும் பகுதிக்குச் சென்று ‘டிரஸ்ட்’ என்று தட்டி, நம்பிக்கை அளவுகளின் பட்டியலில் கடைசியாக இருந்த 5-ஐத் தேர்ந்தெடுத்தேன். உண்மையாகவே அப்படிச் செய்யவேண்டுமா என்று மென்பொருள் ஒருமுறைக்கு மறுமுறை கேட்டது, ஆம் என்றேன். எச்சரிக்கை மறைந்தது, மின்னஞ்சலும் போயிற்று. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: “அவருடைய சாவி எப்போது உங்கள் சாவியாக மாறியது?” எனக்கு விடை தெரியவில்லை.

ஐந்தாம் நிலை நம்முடைய சொந்தச் சாவிகளுக்கு மட்டுமே உரியது. பிறர் சாவிக்கு அதைக் கொடுத்தால், அந்தச் சாவி கேள்வியின்றிச் செல்லுபடியாவதோடு, அது கையொப்பமிட்ட மற்றச் சாவிகளையும் நம் கணினி உண்மையென ஏற்றுக்கொள்ளும். இந்தப் பாடத்தைப் படிப்போர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு: ஒரு சாவி இன்னாருக்குத்தான் உரியது என்பது ஒன்று, அந்த நபர் பிறர் சாவிகளைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவதில் கவனமானவர் என்பது மற்றொன்று. ‘டிரஸ்ட்’ கட்டளை இரண்டாவதை மட்டுமே பதிவு செய்கிறது. முதலாவதற்கு, சாவியின் ‘கைரேகை’ எனப்படும் 40 எழுத்து அடையாளக் குறியீட்டை உரியவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ ஒப்பிட்டுப் பார்த்து, பின் சரிபார்த்ததற்கு அடையாளமாக அந்தச் சாவியில் நம் சாவியால் கையொப்பமிட வேண்டும். கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் பார்த்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அந்த எட்டும் ஒத்துவரும் போலிச் சாவியை எளிதில் உருவாக்கலாம் என்று 2014-இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

நாம் சரிபார்க்காத சாவியிலும், நம் முழு நம்பிக்கைக்குரிய ஒருவரோ ஓரளவு நம்பிக்கைக்குரிய மூவரோ கையொப்பமிட்டிருந்தால், இயல்பான அமைப்பில் ஜிபிஜி அதை ஏற்கும். வாய்மொழித் தேர்வில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் கேட்பார்கள்.

கொடுத்ததைத் திரும்பப் பெறும் இடத்தில்தான் மாணவர்கள் மிகுதியாகக் குழம்புகிறார்கள். நம்பிக்கை அளவு நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே வேறோர் எண்ணைத் தட்டினாலே அது மாறிவிடும். என் 5-ஐயும் அப்படித்தான் மாற்றினேன். கையொப்பம் அப்படியல்ல. ‘எல்சைன்’ கட்டளையால் இட்ட உள்ளூர்க் கையொப்பம் நம்மிடமே தங்கும். ‘சைன்’ கட்டளையால் இட்டதோ சாவியோடு ஊரெல்லாம் சென்றிருக்கக்கூடும் என்பதால், ‘ரெவ்சிக்’ கட்டளையால் அதை ரத்துசெய்து, திருத்திய சாவியை மீண்டும் வெளியிட வேண்டும். நம் சாவியையே ரத்துசெய்ய நேர்ந்தால் அதற்குத் தனியே ஒரு ரத்துச் சான்று, அதாவது இந்தச் சாவியை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கும் கோப்பு, வேண்டும். ரத்துக்கான காரணமும் வெறும் சம்பிரதாயம் அன்று: புதிய சாவி வந்துவிட்டது என்று குறித்தால் பழைய கையொப்பங்கள் செல்லும், சாவி பிறர் கையில் சிக்கியது என்று குறித்தால் அவை அனைத்துமே ஐயத்துக்குரியவை ஆகும்.

மறுதேர்வுக்குத் தயாரானபோது எனக்கு மிகவும் பயன்பட்ட பயிற்சி ஒன்று உண்டு. ஒரே கணினியில் இரண்டு தனித்தனி ஜிபிஜி கோப்புறைகளை வைத்து, ஒன்றை நானாகவும் மற்றொன்றை என் நண்பராகவும் பாவித்தேன். என் கோப்புறையில் சாவியை ரத்துசெய்த பின்பும், நண்பரின் கோப்புறை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் அதே சாவிக்கு மறைகுறியாக்கிக்கொண்டே இருந்தது. ரத்தான சாவியை அங்கே ஏற்றிய பிறகுதான் அது மறுத்தது. ரத்து என்பது எதிர்முனைக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு செய்தி என்பதை, பாடநூலில் பலமுறை படித்தும், அன்றுதான் புரிந்துகொண்டேன். அதே பயிற்சியில் இன்னொன்றும் தெளிந்தது: ரத்துசெய்த பின்பும், செய்திகளைத் திறக்க நம்மிடம் மட்டுமே இருக்கும் தனிச் சாவியை அழித்துவிடக் கூடாது, அழித்தால், அதற்கு வந்த பழைய மின்னஞ்சல்களை நம்மாலேயே திறக்க முடியாது.

ஜிபிஜி 2.1 முதல், சாவியை உருவாக்கும்போதே ரத்துச் சான்றும் தானாக உருவாகி ஒரு கோப்புறையில் சேர்ந்துவிடுகிறது. கைதவறி ஏற்றிவிடாதிருக்க, அந்தக் கோப்பில் ஐந்து கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி இட்டிருப்பார்கள். அதை நீக்கினால்தான் சான்று ஏறும். மறுதேர்வில் எனக்கு வந்த வினா இதுவே. அருகில் இருந்த மாணவர் அந்தப் புள்ளியைக் கவனிக்காமல் கால்மணி நேரம் போராடிக்கொண்டிருந்தார்.